நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அழுதவர்

போன மாதம் திவ்யா போன் செய்தாள். கோயம்புத்தூரில் நான் முப்பது வருடம் வேலை பார்த்த அச்சகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்.

"அக்கா, நீங்க ஒரு வாழ்க்கை வரலாறு எழுத மூணு மாசம் எடுத்துக்குவீங்களாமா? இப்பெல்லாம் பேரு, ஊரு, தொழிலு மூணையும் போன்ல போட்டா அரை மணி நேரத்துல வந்துருதுங்க்கா. மூணு மாசம் என்னதானுங்க பண்ணீங்க?" என்றாள்.

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் இன்னும் சுருக்கென்றது. அப்படி வந்த ஒன்றை எனக்கு அனுப்பியும் வைத்தாள். 'எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வெறுங்கையோடு புறப்பட்டு, விடாமுயற்சியால் சிகரம் தொட்ட செம்மல்' என்று ஆரம்பித்திருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அது என் நடை. தொண்ணூறுகளில் நான் எழுதித் தள்ளியதை எங்கேயோ படித்துக் கெட்டுப்போய்த்தான் அந்தப் போன் அப்படி எழுதுகிறதோ என்று ஒரு சந்தேகம்கூட வந்தது.

நான் பதினொரு பேருடைய சுயசரிதையை எழுதியிருக்கிறேன். எதிலும் என் பெயர் கிடையாது. சுயசரிதையில் இன்னொருத்தி பெயர் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. சூலூரில் பிறந்து, தமிழில் எம்.ஏ. முடித்து, கவிஞராகிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். பத்திரிகைகளுக்கு அனுப்பிய கவிதைகள் போன வேகத்திலேயே திரும்பி வந்தன. தபால்காரர் என் வீட்டு வாசலில் நிற்கும்போது முகத்தை ஒரு மாதிரி இரக்கமாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, டவுன்ஹால் பக்கம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவளாகச் சேர்த்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஐந்தாறு வருடம் போயிற்று. என் இலக்கியப் பயிற்சி அவ்வளவுதான்.

தொண்ணூறுகள் பிறந்ததும் காற்று மாறியது. திருப்பூரில் பனியன், பல்லடத்தில் கோழிப்பண்ணை, கருமத்தம்பட்டியில் விசைத்தறி என்று மேலே வந்தவர்களுக்கெல்லாம் வரிசையாக அறுபது வயது ஆகத் தொடங்கியது. மணிவிழாவுக்கு வருகிறவர்களுக்குத் தேங்காய்ப் பையோடு தன் வாழ்க்கை வரலாற்றையும் போட்டுக் கொடுத்தால் கௌரவம் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஆரம்பித்து வைத்தார். அடுத்தவர் விடுவாரா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் நூற்றிருபது பக்கம் வாழ்ந்திருந்தால் இவர் நூற்றறுபது பக்கமாவது வாழ்ந்தாக வேண்டும். தமிழ் படித்தவள் என்பதால் எல்லாம் என் தலையில் விழுந்தது.

எங்கள் முதலாளி நாச்சிமுத்துவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் என்னை 'அம்மணி' என்பார். எரிச்சல் என்றால் 'அம்மணிங்க' ஆகும். நாற்காலியை விட்டு எழுந்து நின்று, "அம்மணி அவுங்களே, சித்த இப்படி வந்துட்டுப் போறீங்களா?" என்று கூப்பிட்டால் அன்றைக்குத் தொலைந்தோம் என்று அர்த்தம். பைண்டிங் பிரிவில் ஒருவரை அவர் வேலையை விட்டு நிறுத்தியபோது, வாசல்வரை கூடவே போய், குடையை எடுத்துக் கொடுத்து, "பாத்துப் போங்க, ரோட்டுல வண்டி சாஸ்தி" என்று சொல்லி அனுப்பினார். அந்த மனிதர் மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டார். தன்னை நிறுத்திவிட்டார்கள் என்பதே அவருக்கு விளங்கவில்லை.

அச்சகம் நடத்தினாரே தவிர நாச்சிமுத்து எதையும் படிக்க மாட்டார். "நான் படிக்க உக்காந்தா மெஷினு நின்னுபோகுமுங்க" என்பார். அவர் பார்ப்பது இரண்டு விஷயங்கள்தான். போட்டோவில் யார் தலையாவது வெட்டுப்பட்டிருக்கிறதா? பெயர்ப் பட்டியலில் யார் பெயராவது விட்டுப்போயிருக்கிறதா?

இரண்டாவதுதான் உயிர் போகிற விஷயம். எங்கள் பக்கத்தில் அச்சில் ஒரு பெயர் விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் பதினாறு பக்கம் உறவினர் பட்டியல் வரும். அச்சுக்குப் போகும் முன் 'பேர் பாக்கறது' என்று ஒரு நாள் ஒதுக்குவோம். ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்குவார்கள். புரூப் தாளை மேஜையில் விரித்ததும் பங்காளிகள் ஒரு பக்கம், மாமன் மச்சான்கள் ஒரு பக்கம் நின்றுகொண்டு ஆளுக்கொரு விரலை வைத்துத் தேடுவார்கள்.

"ஏனுங்க, மாமனுக்கு முன்னால மச்சான் வந்திருக்காரு, இது எப்படிங்க?"

"எங்க பெரியப்பாவுக்கு அமரர்னு போட்டிருக்கறீங்களே. அவரு வேன்லதானுங்க உக்காந்திருக்காரு!"

பெரியப்பாவை உயிரோடு எழுப்பி, மாமனை மேலே ஏற்றி, மச்சானைக் கீழே இறக்கி முடிப்பதற்குள் நான்கு மணி நேரம் ஓடிவிடும். எல்லோரும் காபி குடித்துவிட்டுத் திருப்தியாக வேன் ஏறுவார்கள். முன்னால் இருக்கிற நூற்று நாற்பது சொச்சம் பக்கங்களை ஒருவர்கூடப் புரட்டிப் பார்த்தது கிடையாது. வாழ்க்கை யாருடையதோ அவரும்தான்.

திவ்யா கேட்ட மூன்று மாதக் கணக்குக்கு வருகிறேன். முதலில் கேசட் ரெக்கார்டரோடு அவர்கள் வீட்டுக்குப் போவேன். பெரிய மனிதர் சோபாவில் சாய்ந்துகொண்டு பேசுவார். வறுமை கட்டாயம் வேண்டும். நாற்பது ஏக்கர் தோட்டமும் இரண்டு கிணறும் இருந்த வீட்டில் வறுமைக்கு எங்கே போவது? ஏதோ ஒரு வருடம் கிணறு வற்றியிருக்கும். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் நடந்தது. பதினொரு பேரும் நடந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும், "நான் சைக்கிள்லதானுங்க போனேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். மறுநாளே மகனை அனுப்பி அதை அடிக்கச் சொன்னார். பிறகு பெயர் சொல்லாமல் ஒரு துரோகி, ஒரு சிங்கப்பூர் பயணம், மனைவியின் பொறுமைக்கு ஒன்றரைப் பக்கம். ஒன்றரைக்கு மேல் போனால், "அவளுக்கு எதுக்குங்க இவ்வளவு?" என்று கேட்டுவிடுவார்கள். இதையெல்லாம் கேட்டு, எழுதி, அடித்து, மறுபடி எழுத மூன்று மாதம் ஆகும். பொய்யைப் பார்த்துப் பார்த்துச் செய்தால் நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

சென்னியப்பன் என் ஏழாவது ஆள். கருமத்தம்பட்டிக்காரர். முந்நூறு தறி ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறில் அவருக்கு மணிவிழா. முதல் நாளே ஆரம்பித்தார்.

"வெறுங்கையோடு நாலு தறி போட்டேனுங்க."

"வெறுங்கையோடு எப்படிங்க நாலு தறி?" என்று கேட்டேன்.

"உழைப்புங்க அம்மணி, உழைப்பு" என்று சொல்லிவிட்டு, போன் மணி அடிக்கவே உள்ளே போனார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி டம்ளரை வைத்துவிட்டு, ரெக்கார்டரைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் அதை அணைத்தேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்த நாலு தறியும் எங்க நாத்தனாரோடதுங்க. ராமாத்தான்னு பேரு, இவருக்கு மூத்தவிய. ஊட்டுக்காரரு செத்ததுக்கப்பறம் அவியளே ஓட்டீட்டிருந்தாங்க. இவருதான் எடுத்துட்டு வந்துட்டாரு. ரெண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கறாங்க. நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க."

சென்னியப்பன் திரும்பி வந்ததும் பொதுவாகக் கேட்பதுபோல அக்காவைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறவில்லை.

"அக்கா எனக்குச் சாமி மாதிரிங்க. பேர்ப் பட்டியல்ல மொதப் பேரா அக்கா பேரைப் போட்டுருங்க."

"கதையில ஒரு வரி வரட்டுங்களா?"

"கதையில எதுக்குங்க? பொம்பளை ஓட்டுன தறியில இருந்து மேல வந்தேன்னு அறுபது வயசுல நானே சொல்லிக்கோணுமா?"

அச்சகத்துக்கு வந்து நாச்சிமுத்துவிடம் புலம்பினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சுயசரிதைன்னா அது அவரோடதுங்க அம்மணி. அவரு யாரை உட்டுட்டாரோ அவிங்க பொறக்கவே இல்லீங்க."

எனக்கு அசாத்தியக் கோபம் வந்தது. ஆறு பேருக்கு எழுதிச் சேர்ந்த கோபம் எல்லாம் அந்த ஏழாவது ஆள் மேல் இறங்கியது என்று இப்போது தோன்றுகிறது. யாரும் படிக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் எதை எழுதினால் என்ன? நான்காவது அத்தியாயத்தில், நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நுழைத்தேன். சென்னியப்பன் பேசுவதுபோல இப்படி எழுதினேன்:

'என் தொழிலின் முதல் நான்கு தறிகள் என் அக்கா ராமாத்தாளுடையவை. கணவரை இழந்த அந்தத் தியாகச் சுடர், தன் ஒரே ஆதாரத்தை எனக்கு ஈந்தார். தறிகளை நான் எடுத்துச் சென்ற அன்று, வாசலில் நின்று கண்ணீர் மல்க என் தலையில் கை வைத்து, நீ நல்லா இரு சாமி என்று வாழ்த்தி அனுப்பினார்.'

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். என் எழுத்தைப் படித்து நானே அழுதால் அதில் ஏதோ கோளாறு என்று இன்று தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. ஏதோ பெரிய புரட்சி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சூலூர் பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன். ராமாத்தாள் வீடு இரண்டே தெரு தள்ளி இருந்தது. போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பேர் பார்க்கிற நாள் வந்தது. வேன் வந்தது. அக்கா பெயர் முதலில் இருந்தது. மச்சான் ஒருவர் இரண்டு இடம் கீழே இறக்கப்பட்டார். நாற்பத்து மூன்றாம் பக்கம் கட்டின் நடுவில் பத்திரமாகக் கிடந்தது.

அவினாசி ரோட்டில் ஒரு பெரிய மண்டபத்தில் மணிவிழா. நான் ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாழ்த்திப் பேச வந்த ஒருவர், பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் கையில் வாங்கிய புத்தகத்தை உயர்த்திக் காட்டி, "இந்த நூலை ஒரே மூச்சில் படித்து முடித்தேன்" என்றார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. ஆயிரம் பிரதிகள் தேங்காயோடு பையில் போய்ச் சேர்ந்தன. இன்றைக்கு வெடிக்கும், நாளைக்கு வெடிக்கும் என்று நான் காத்திருந்தேன். ஒரு வாரம் போயிற்று, மூன்று வாரம் போயிற்று, ஒரு சத்தமும் இல்லை. பயம் தெளிந்தது. ஆனால் உள்ளே ஓர் ஏமாற்றம் இருந்தது. ஆயிரம் பேர் கையில் உண்மையைக் கொடுத்தும் ஒருவருக்கும் அது தேவைப்படவில்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

நான்காவது வாரம் ஒரு முற்பகலில், வெள்ளைச் சேலை கட்டிய ஒல்லியான அம்மாள் ஒருவர் மஞ்சள் பையோடு அச்சகத்துக்குள் வந்தார். மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார்.

"ஏனுங்க, இங்க பொஸ்தகம் எழுதற அம்மணி யாருங்க?"

"நாந்தானுங்க."

"நாப்பத்தி மூணாம் பக்கத்துல ஒருத்தி அழுதுட்டு நிக்கறாளே, அது நாந்தான்" என்றார்.

எழுந்து நாற்காலியைப் போட்டேன். அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அட்டை ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது. இந்த அச்சகத்தில் இருந்து போன ஒரு மணிவிழாப் புத்தகம் படித்துப் பழசாகித் திரும்பி வந்ததை அன்றுதான் பார்த்தேன். அஞ்சாவதுவரை படித்தவராம். விரல் வைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பெயர்வரை படித்திருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லத் தயாராக உட்கார்ந்தேன்.

"நான் அழுகலியே கண்ணு" என்றார்.

"இல்லீங்க பெரியம்மா, அது வந்து..."

"ஊட்டுக்காரரு செத்து பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சதும் தறிக்கு ஏறிப்போட்டேன். எட்டு வருசம் ஓட்டுனேன். நாலு தறியும் ஒருத்தியே. எனக்கு அது புடிச்சுது. இழை அறுந்தா சத்தத்துலயே கண்டுபுடிச்சுருவேன். அதை ஒரு வரி எழுதுனயா நீ? ஓட்டுனதை எழுதல. அழுததை எழுதியிருக்கற. தியாகச் சுடருன்னு வேற. நான் எவனுக்கும் எதையும் தியாகம் பண்ணல."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முப்பது வருடத்தில் என் எழுத்தை முழுதாகப் படித்த ஒரே வாசகி எதிரில் உட்கார்ந்து, அதைப் பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் அவரை ஒரு வரிகூட இல்லாமல் அழித்தார் என்றால் நான் ஐந்து வரி எழுதி அழித்திருந்தேன்.

"அப்ப என்னதானுங்க நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதை எங்கிட்ட எதுக்குக் கேக்கற? அவன் பொஸ்தகந்தான? அவனையே கேளு. பேனாவைக் குடு."

கொடுத்தேன். 'தியாகச் சுடர்' தொடங்கி 'வாழ்த்தி அனுப்பினார்' வரைக்கும், ஒவ்வொரு வரியாக, எழுத்து தெரியாதபடி கெட்டியாக அடித்தார். நான்கு தறி தன்னுடையது என்கிற வரியைத் தொடவில்லை. பேனாவைத் திருப்பித் தரும்போது, "எல்லாப் பொஸ்தகத்துலயும் அடிக்கோணும்" என்றார். கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். சொன்னதைச் செய்கிற ஆட்களோடு எனக்குப் பழக்கம் கிடையாது.

அவர் செய்தார். கருமத்தம்பட்டியில் ஆரம்பித்தார். உறவுக்காரர் வீட்டு விசேஷம், துக்கம், சும்மா பார்க்கப் போவது என்று எங்கே போனாலும், "சென்னியப்பன் பொஸ்தகத்தைச் சித்த எடு கண்ணு" என்பாராம். புத்தகம் பல வீடுகளில் இன்னும் தேங்காய்ப் பைக்குள்ளேயே இருந்தது. ஒரு வீட்டில் டிவி ஸ்டாண்டின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்களாம். டிவியைத் தூக்கச் சொல்லி எடுத்து அடித்துவிட்டு, மறுபடியும் முட்டுக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

நான் எழுதியபோது படிக்காத ஊர், அவர் அடித்ததும் படித்தது. அடித்ததற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, உள்ளே என்ன என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அடிக்காத பிரதியைக் கேட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். சூலூரில் என் வீட்டுக்கு எதிர் வீட்டிலேயே ஒருவர் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. "அப்ப அழுகலீன்னா என்ன பண்ணுச்சு?" என்று ராமாத்தாளிடம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "அவனைக் கேளு."

ஊரே சென்னியப்பனைக் கேட்டது.

ஒரு மதியம் நாச்சிமுத்து நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"அம்மணி அவுங்களே, தயவு பண்ணி இப்படி வந்துட்டுப் போறீங்களா?"

புரிந்துவிட்டது. உள்ளே சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். மேஜையில் அடித்த பிரதி ஒன்றும் அடிக்காத பிரதி ஒன்றும் விரித்துக் கிடந்தன. நாச்சிமுத்து வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பக்கத்தைப் படித்திருந்தார்.

"நல்லாத்தானுங்களே எழுதியிருக்கறீங்க? இதை எதுக்குங்க எழுதுனீங்க?" என்றார்.

சென்னியப்பன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் களைத்துப்போயிருந்தார்.

"போற எடமெல்லாம் கேக்கறாங்க அம்மணி. காதுகுத்துக்குப் போனாக் கேக்கறாங்க, எழவுக்குப் போனாக் கேக்கறாங்க. சம்பந்தி ஊட்டுலயே கேட்டுப்போட்டாங்க. நீங்க இழுத்து உட்ட வெனை. நீங்களே ஒரு திருத்தச் சீட்டு எழுதிக் குடுங்க. அச்சடிச்சு எல்லாத்துக்கும் அனுப்பிப்போடறேன், அந்தப் பக்கத்துல ஒட்டிக்கட்டும்."

தாளை எடுத்தேன். 'பக்கம் 43: கீழ்க்கண்டவாறு திருத்தி வாசிக்கவும்' என்று எழுதி நிறுத்தினேன்.

"என்னன்னு போடறதுங்க?"

அவரை மடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது. அவர் நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து, "மெஷினு சத்தம் என்னமோ வேற மாதிரி கேக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அன்றைக்குக் கரண்ட் இல்லை, மெஷின் ஓடவே இல்லை.

"அக்கா அன்னைக்குச் சந்தைக்குப் போயிருந்துதுங்க" என்று சென்னியப்பன் ஆரம்பித்தார். குரல் இறங்கியிருந்தது. "ஊட்டுல இருந்தாத் தராதுன்னு எனக்குத் தெரியும். லாரியைக் கொண்டாந்து நாலையும் கழட்டி ஏத்தியாந்துட்டேன். வந்து பாத்துச்சு. அழுகலீங்க, சத்தமும் போடல. நேரா எம்பட ஊட்டு வாசல்ல வந்து நின்னுட்டு, 'மூணை நீயே வெச்சுக்க. ஒண்ணை மட்டும் திருப்பிக் கொண்டாந்து போட்டுரு, நான் ஓட்டறதுக்கு'ன்னுச்சு."

"நீங்க?"

"உள்ள போய்ட்டேனுங்க."

 அப்புறம் அவராகவே சொன்னார்: "அடுத்த வாரமும் வந்துச்சு. அதுக்கடுத்த வாரமும் வந்துச்சு. ஒரு வருசம் வந்து கேட்டுச்சுங்க. நான் தர்ல."

கையில் பேனா இருந்தது. "இதை எழுதட்டுங்களா?" என்றேன்.

அவர் அடிக்காத பிரதியைத் தன் பக்கம் திருப்பி, என் ஐந்து வரியையும் மெதுவாகப் படித்தார். தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் படித்த ஒரே பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

"வேண்டாமுங்க. அழுததாவே இருக்கட்டும். அழுதுட்டு, தலையில கை வெச்சு... நீங்க எழுதுனதுதான் நல்லாருக்குது. அப்படியே இருந்தா எல்லாத்துக்கும் நல்லதுங்க. சீட்டு வேண்டாம்."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரை எதிர்த்து எழுதியதாக அல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்? நூற்றறுபது பக்கத்தில் அவர் விரும்பிக் காப்பாற்றிக்கொண்ட இடம் என்னுடைய புரட்சிதான். அன்றைக்குப் பட்ட அவமானத்தை நான் அதற்கு முன்னாலும் பட்டதில்லை, பின்னாலும் பட்டதில்லை. நாச்சிமுத்து திரும்பி வந்து, வெறும் தாளைப் பார்த்துவிட்டு, "சீட்டு வேண்டாமுன்னுட்டாருங்களா? நல்லதாப் போச்சுங்க அம்மணி" என்றார். வேலை தப்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கருமத்தம்பட்டிக்குப் போனேன். அந்த இரண்டு தெருவையும் அன்றுதான் நடந்து கடந்தேன். ராமாத்தாள் மஞ்சள் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். தம்பி வந்ததைச் சொன்னேன்.

"ஒத்துக்கிட்டானா?"

"எங்கிட்ட ஒத்துக்கிட்டாருங்க. எழுத வேண்டாம்னுட்டாரு."

அவர் கதவைப் பூட்டினார். "பல்லடத்துல நாலு ஊடு பாக்கி. வாரதுன்னா வா" என்றார்.

போனேன். முதல் வீட்டில் புத்தகத்தை வாங்கிப் பிரித்து, பக்கத்தை எடுத்து என் மடியில் வைத்தார். "நீ எழுதுனது. நீயே அடி."

தறி அவருடையது என்கிற வரியை விட்டுவிட்டு மீதியை எல்லாம் அடித்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "ஏனுங்க, அப்ப என்னதானுங்க நடந்துச்சு?"

ராமாத்தாள் வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஒரு தறியாச்சும் குடுன்னு ஒரு வருசம் கேட்டாங்க. அவரு தர்லீங்க."

 ராமாத்தாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று இந்தத் தடவை நான் எதிர்பார்க்கவில்லை.

"எட்டு வருசம் ஓட்டுனேன்னு சொல்லு மொதல்ல" என்றார்.